மாடியறையில் கூடியவர்கள்

சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையில் செல்வோர், தமிழ்நாட்டின் எல்லையைக் கடக்கும் முன் காணும் ஊர்களில் ஒன்று எளாவூர். ரயிலில் வருவோருக்குக் கும்மிடிப்பூண்டியை அடுத்த நிலையம். லாரித் தொழிலில் இருப்போரிடம் இவ்வூரின் பெயரைச் சொன்னால், நெடுஞ்சாலையிலுள்ள சோதனைச்சாவடிதான் உடனே அவர்கள் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு எங்கள் ஊரை நினைக்கக் காரணம் ஏதும் இல்லை.

இத்தகைய ஊரில், ஒரு வீட்டின் மாடியறையில், கணினித் தொழில் ஒன்று முளைத்த கதையை எழுதுமாறு நண்பர்கள் சிலர் என்னை வற்புறுத்தி வருகின்றனர். அக்கதையில் என் பிள்ளைகளின் பங்கு பெருமைக்குரியது. என் பங்கோ வருத்தத்திற்குரியது. இரண்டையும் மறைக்காமல் எழுதினால்தான் படிப்போருக்குப் பயன் உண்டு என்று கருதியே எழுதத் துணிந்தேன்.

வழிப்போக்கரை நம்பிய ஊர்

எங்கள் முன்னோர் பழவேற்காட்டைச் சேர்ந்தவர்கள். 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய அந்தத் துறைமுகத்திலிருந்து, சோழமண்டலக் கரையின் துணிகள் கிழக்கிந்தியத் தீவுகள் வரை சென்றன. பின்னர் வாணிபம் சென்னைப் பட்டினத்துக்கு இடம்பெயர்ந்தது. பழவேற்காடு மீன்பிடி ஊராகச் சுருங்கியது. என் பாட்டனார் பிழைப்பைத் தேடி நெடுஞ்சாலையோரம் வந்து எளாவூரில் குடியேறினார். நான் அதே பிழைப்பைத் தேடி 1996இல் சவூதி அரேபியாவின் தம்மாம் நகருக்குச் சென்றேன். ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. அங்கே 21 ஆண்டுகள் கழிந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை. நம் சமுதாயத்தில் எத்தனையோ குடும்பங்கள் அறிந்த வாழ்க்கைதான் அது.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊர் திரும்பினேன். சேமிப்பில் ஒரு பகுதியைக் கொண்டு, சோதனைச்சாவடிக்கு அருகில் கடை ஒன்று திறந்தேன். இரண்டு ஜெராக்ஸ் இயந்திரங்கள், நான்கு கணினிகள். எல்லையைக் கடக்கும் லாரிகளுக்கு வணிகவரித் துறையின் படிவங்கள் தேவைப்பட்டன. அவற்றை நிரப்பித் தருவதும் நகல் எடுத்துத் தருவதுமே எங்கள் தொழில். "சாவடி இருக்கும் வரை இந்தக் கடைக்குக் குறைவிராது" என்று அனைவரும் கூறினர்.

சாவடியின் வரிச் சோதனை அதன்பின் ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனை நின்றது. இரவெல்லாம் வரிசையில் நின்ற லாரிகள் நிற்காமல் ஓடத் தொடங்கின. நாட்டுக்கு அது நன்மைதான். ஆயினும் வரிசையில் நின்ற லாரிகளை நம்பிப் பிழைத்த தேநீர்க் கடைக்காரர்களும், பஞ்சர் கடைக்காரர்களும், என்னைப் போன்ற ஜெராக்ஸ் கடைக்காரர்களும் ஒரே வாரத்தில் வருமானத்தை இழந்தோம். 2018 மார்ச்சில் கடையை மூடினேன். இயந்திரங்களை வீட்டு மாடியறைக்கு ஏற்றிப் பழைய போர்வை ஒன்றால் மூடி வைத்தேன்.

பழவேற்காட்டைக் கப்பல்கள் கைவிட்டன. எளாவூரை லாரிகள் கைவிட்டன. வழிப்போக்கரை நம்பி வாழும் ஊர், வழி மாறும்போது வாடிவிடும். இதை அனுபவித்து உணர்ந்தேனே ஒழிய, இதற்கு மாற்று என்ன என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

நான் செய்த தவறு

என் மூத்த பிள்ளை மகள். கணினிப் பயன்பாட்டியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். 2014இல் படிப்பை முடித்தவுடன் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. நான் அப்போது தம்மாமில் இருந்தேன். என் மனைவி தொலைபேசியில் செய்தி சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள்?" என்பதே.

கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயில்கள் அடிக்கடி உண்டு. அதற்கு வடக்கே எளாவூருக்கு வரும் வண்டிகள் குறைவு. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை முடித்து, சென்ட்ரலுக்கு வந்து, வண்டி பிடித்து, வீடு சேர இரவு பத்து மணி ஆகிவிடும். "வேண்டாம்" என்றேன். மகளிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லி அவளிடமும் அதையே சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "சரி வாப்பா" என்றாள். பட்டச் சான்றிதழ் அவளுடைய உம்மாவின் அலமாரியில், பட்டுச் சேலைகளின் அடியில் போய்ச் சேர்ந்தது. 2015இல் திருமணம் செய்து கொடுத்தோம். மருமகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். மகள் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, இரண்டு குழந்தைகளுடன் வசிக்கிறாள்.

அதற்கடுத்த ஆண்டு, 2016இல், என் மகனுக்கும் சென்னையில் வேலை கிடைத்தது. அவன் எத்தனை மணிக்கு வீடு திரும்புவான் என்று நான் கேட்கவில்லை. இந்த வேறுபாடு அன்று என் மனத்தில் உறுத்தவே இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மகன் போட்ட கணக்கு

2020 மார்ச் மாத ஊரடங்கின்போது மகன் வீடு திரும்பினான். மாடியறையில் போர்வையை அகற்றிவிட்டு, என் பழைய கணினி மேசையில் அமர்ந்து சென்னை நிறுவனத்தின் வேலையைச் செய்தான். ஓராண்டுக்கு மேல் அவ்வாறே நடந்தது. சென்னையில் அமர்ந்து செய்த வேலையை எளாவூரில் அமர்ந்தும் செய்ய முடிகிறது என்பதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். 2021இன் பிற்பகுதியில் நிறுவனம் அவனை அலுவலகத்துக்கு அழைத்தபோது, அவன் என்னிடம் வந்தான்.

"வாப்பா, நான் போகவில்லை. கூடப் படித்த இருவருடன் சேர்ந்து இங்கேயே ஒரு தொழில் தொடங்கப் போகிறேன். மூன்று இலட்சம் ரூபாய் தேவைப்படுகிறது."

நான் கோபப்பட்டேன். "மாதம் பிறந்தால் வருகிற சம்பளத்தை விட்டுவிட்டு, சோதனைச்சாவடி ஊரில் என்ன கம்பெனி நடத்துவாய்? நான் கடை வைத்துக் கெட்டது போதாதா?" என்றேன்.

அவன் குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் புறப்படும்போது எனக்கு ஒரு வயது. 21 ஆண்டில் பத்து முறை வந்தீர்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம். நான் உங்களுடன் இருந்தது மொத்தம் இருபது மாதம். நாளை என் பிள்ளையும் இப்படி ஒரு கணக்குப் போட வேண்டாம் என்று பார்க்கிறேன்" என்றான்.

கணக்கு எழுதிப் பிழைத்தவனான எனக்கு அந்தக் கணக்கில் பிழை காண முடியவில்லை. பணத்தைக் கொடுத்தேன்.

முதல் முயற்சி தோற்றது. பெருநகரங்களில் நடப்பதைப் பார்த்து, மளிகைப் பொருள்களை வீட்டுக்கு வரவழைக்கும் செயலி ஒன்றைச் செய்தார்கள். எங்கள் ஊரிலோ மளிகைக்கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர். கடன் நோட்டு வைத்திருப்பவர். பையன் கையில் சீட்டுக் கொடுத்தால் பொருளைக் கொடுத்தனுப்புபவர். செயலியால் அவரை விட எதையும் அதிகமாகச் செய்ய இயலவில்லை. எட்டு மாதங்களில் பணம் கரைந்தது. நண்பர்களில் ஒருவரின் வீட்டில் நகை அடகுக்குப் போனது. அவருடைய தாயார் எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுத நாளை என்னால் மறக்க இயலாது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் உருப்படியான காரியம் ஒன்று நடந்தது. மாடியறையை ஒவ்வொரு ஞாயிறும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை திறந்து வைப்பதென்று மூவரும் முடிவு செய்தனர். கணினித் தொழில் பற்றித் தெரிந்தவர் வந்து சொல்லித் தரலாம், தெரியாதவர் வந்து கற்றுக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. முதல் ஞாயிறன்று கரும்பலகையில் தங்கள் நட்டக் கணக்கை வரிக்கு வரி எழுதிப் போட்டார்கள். "இதை ஏன் ஊருக்குக் காட்ட வேண்டும்?" என்று நான் தடுத்தேன். "அடுத்தவர் இதே பணத்தை இழக்காமல் இருக்கட்டும்" என்றான் மகன்.

அன்று வந்தவர்கள் நால்வர். அவர்களுள் ஒருவர் கும்மிடிப்பூண்டியிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த பட்டதாரி இளைஞர். அவர் தம் உறவினர் மூலம் அறிந்த செய்தி ஒன்றை எங்களுக்குச் சொன்னார். போர் 2009 மே மாதத்தில் முடிந்தபோது யாழ்ப்பாணத்தில் சொல்லிக்கொள்ளும்படியான தொழில் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அங்கே 2012இல் தன்னார்வலர் சிலர் கூடி 'யாழ் ஐ.டி. ஹப்' என்ற அமைப்பைத் தொடங்கினர். யாழ்ப்பாணத்தை அடுத்த சிலிக்கான் பள்ளத்தாக்கு ஆக்குவோம் என்பது அவர்கள் முழக்கம். கேட்டவர்கள் நகைத்திருக்கக் கூடும். ஆனால் அவர்கள் கட்டடம் கேட்டு எவர் வாசலிலும் காத்திருக்கவில்லை. 'யாழ் கீக் சேலஞ்ச்' என்ற போட்டியை நடத்தினர். இளைஞர்கள் குழுக்களாகச் சேர்ந்து ஒரு சிக்கலைத் தேர்ந்து, அதற்குக் கணினி வழியில் தீர்வு செய்ய வேண்டும். கொழும்பிலும் கடல் கடந்தும் தொழில் செய்யும் தமிழர்கள் அவர்களுக்கு வழிகாட்டினர். பின்னர் பள்ளி மாணவர்களுக்கும் தனிப் போட்டி வைத்தனர்.

வெறும் கூட்டம் கூடிப் பேசினால் தொழில் வந்துவிடுமா என்று எனக்கும் ஐயம் இருந்தது. மகன் அமெரிக்காவின் கதையைச் சொன்னான். 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒருவர் வீட்டின் கார்க் கொட்டகையில் முப்பது பேரளவில் கூடினர். வீட்டிலேயே கணினி செய்து பார்க்க ஆசைப்பட்டவர்களின் 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்' அது. அங்கே வந்தவர்களுள் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக். தாம் வடிவமைத்த கணினியின் மின்சுற்று வரைபடத்தைச் சக உறுப்பினர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். அந்தக் கணினிதான் 1976இல் தொடங்கப்பட்ட ஆப்பிள் நிறுவனத்தின் முதல் பொருளாயிற்று. சிலிக்கான் பள்ளத்தாக்கு என்றவுடன் நாம் கண்ணாடிக் கட்டடங்களை நினைக்கிறோம். தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்த இத்தகைய கூட்டங்களுக்கும் அதன் வளர்ச்சியில் பங்குண்டு.

எல்லை தந்த மொழிகள்

கூட்டம் எங்கள் வீட்டு மாடியில் நடந்ததால் என் மகளுக்கு எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. குழந்தைகளை உம்மாவிடம் விட்டுவிட்டுப் படியேறி வந்தாள். முதல் சில வாரங்கள் பின்வரிசையில் அமர்ந்து கேட்டாள். ஐந்தாவது வாரம் எழுந்து ஒரு சிக்கலைச் சொன்னாள்.

எல்லைச் சோதனை ஒழிந்த பின், 2018 ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு 'இ-வே பில்' என்னும் மின்வழிச் சீட்டு கட்டாயமானது. சாதாரண லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அச்சீட்டு செல்லுபடியாகும். தொடக்கத்தில் 100 கிலோமீட்டராக இருந்த அளவு 2021 ஜனவரியில்தான் 200 ஆனது. நாள் முடிவது நள்ளிரவில். வழியில் வண்டி பழுதாகி நின்றால் சீட்டு காலாவதியாகிவிடும். காலாவதியாவதற்கு எட்டு மணி நேரம் முன்பும் எட்டு மணி நேரம் பின்பும் மட்டுமே அதை நீட்டிக்கலாம். தவறினால் பெருந்தொகை அபராதம். ஓட்டுநருக்கு இந்தக் கணக்குத் தெரியாது, முதலாளி உறங்கிக்கொண்டிருப்பார்.

"வாப்பாவின் கடை மூடிய பிறகும், பழைய எண்ணை வைத்துக்கொண்டு ஓட்டுநர்கள் நள்ளிரவில் நம் வீட்டுக்குப் போன் செய்கிறார்கள். நான்தான் எடுத்துப் பேசுகிறேன். அவர்கள் கேட்பது மளிகை அன்று; சீட்டு முடிகிறது, என்ன செய்வது என்றுதான் கேட்கிறார்கள்" என்றாள்.

அறை அமைதியாயிற்று. மூன்று பொறியாளர்கள் எட்டு மாதம் தேடிக் காணாத தொழில், எங்கள் வீட்டுத் தொலைபேசியிலேயே இருந்தது.

2022இன் இறுதியில் அதற்கான மென்பொருள் உருவாயிற்று. எந்த வண்டியின் சீட்டு எப்போது முடிகிறது என்று அது கணக்கிடும். ஆறு மணி நேரத்துக்கு முன்பே லாரி அலுவலகத்துக்கும் ஓட்டுநருக்கும் செய்தி அனுப்பும். செய்தி மட்டும் போதாது; மனிதக் குரலும் வேண்டும் என்று மகள் வற்புறுத்தினாள். இங்கேதான் எங்கள் ஊரின் செல்வம் வெளிப்பட்டது. எல்லையில் இருப்பதால் எங்களூர்ப் பெண்களுக்குத் தமிழோடு தெலுங்கும் சரளம். உருது பேசும் குடும்பத்துப் பெண்கள் வடநாட்டு ஓட்டுநர்களோடு இந்தியில் பேசிவிடுவார்கள். பட்டம் பெற்று வீட்டில் இருந்த பெண்கள் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக ஒன்பது பேர் என்று மகள் எண்ணிச் சொன்னாள். வணிகவியல், கணிதம், கணினி என்று படித்தவர்கள். ஒன்பது அலமாரிகளில் ஒன்பது சான்றிதழ்கள். அவர்களுள் ஆறு பேர் ஞாயிறு கூட்டத்துக்கு வந்து பயின்று, தத்தம் வீட்டிலிருந்தே முறை வைத்து வேலை செய்யத் தொடங்கினர்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆதரவில் வளர்ந்த 'தேசிக்ரூ' என்னும் நிறுவனத்தை சலோனி மல்ஹோத்ரா 2007இல் நிறுவி, திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடி போன்ற கிராமங்களில் கணினி வேலை நிலையங்களை அமைத்தார். அவரிடம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகருக்குச் செல்ல இயலாதவரிடம் வேலையைக் கொண்டு சென்றால், அதுவரை எவரும் கணக்கில் எடுக்காத திறமை வெளிவரும் என்பதை அவர் அன்றே காட்டிவிட்டார்.

தென்காசி கற்றுத் தருவது

சிற்றூர்த் தொழில் என்றதும் எல்லோரும் தென்காசியைச் சொல்வார்கள். 1996இல் வேறு பெயரில் தொடங்கிய ஸோஹோ நிறுவனம், 2011இல் தென்காசியில் ஒரு சிறு அலுவலகத்தைத் திறந்தது. பின்னர் மத்தளம்பாறை கிராமத்தில் அது பெரிய வளாகமாயிற்று. அந்நிறுவனத்தின் 'ஸோஹோ டெஸ்க்' என்ற மென்பொருள் அங்கிருந்தே உருவாகி உலகெங்கும் விற்பனையாகிறது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தாமே அமெரிக்காவை விட்டு அப்பகுதியில் குடியேறினார். பள்ளிப் படிப்பையும் பட்டயப் படிப்பையும் முடித்த பிள்ளைகளைக் கட்டணமின்றி, உதவித்தொகையும் தந்து பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகிறது.

தென்காசி நமக்கு நம்பிக்கை தருகிறது. எனினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். தென்காசிக்குச் செல்வதற்கு முன் அந்நிறுவனம் 15 ஆண்டுகள் வளர்ந்திருந்தது. அதனிடம் பொருளும் வாடிக்கையாளரும் இருந்தனர். எல்லா ஊருக்கும் அப்படி ஒரு பெரிய நிறுவனம் வந்து சேராது. வரும் வரை காத்திருப்பது, லாரி வருமென்று சாவடியில் காத்திருப்பதைப் போன்றதே. ஆகவே நம்மைப் போன்ற ஊர்களுக்குத் தென்காசியை விட யாழ்ப்பாணமே அருகிலுள்ள பாடம்.

அரசும் இப்போது சிற்றூர்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. 2000ஆவது ஆண்டில் சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் 'மினி டைடல்' திறக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் பட்டாபிராமில் 330 கோடி ரூபாய்ச் செலவில் 21 தளங்களுடன் எழுந்த டைடல் பூங்கா, 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் புத்தொழில் இயக்கம் தொடக்க நிலை நிறுவனங்களுக்கு விதை நிதியும் வழங்குகிறது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் 21 தளக் கட்டடமும் தானாக ஒரு தொழிலைப் பெற்றுத் தராது. உள்ளே சென்று அமரத் தகுந்த மனிதர்களை ஊர்தான் உருவாக்க வேண்டும்.

எங்கள் நிலையையே சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலைகளும் இரசாயன ஆலைகளும் பல இருக்கின்றன. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவப்படும் நாள்களில் எங்கள் வீட்டு மாடியில் நின்றே அதைப் பார்க்கலாம். உயர்ந்த தொழில்நுட்பம் எங்கள் வானில் பறக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் ஆலை வாசலில் ஒப்பந்த வேலைக்கு வரிசையில் நிற்கிறார்கள். தொழிற்சாலை அருகில் இருப்பதால் மட்டும் தொழில் கைக்கு வந்துவிடாது என்பதற்கு எங்கள் ஊரே சான்று.

ஒருவர் போனார், மற்றவர் இருந்தனர்

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். மின்வெட்டும் இணையத் தடையும் எங்களை வருத்தின. 2023இல் சென்னையிலிருந்து வந்த முதலீட்டாளர் ஒருவர், "தொழில் நன்றாக இருக்கிறது. அலுவலகத்தைச் சென்னைக்கு மாற்றினால் பணம் போடுகிறேன்" என்றார். அவர் சொன்ன தொகை, நான் 21 ஆண்டில் சேமித்ததை விட அதிகம்.

மூவருள் ஒருவருக்குப் போக விருப்பம். நகை அடகு வைத்த வீட்டுப் பிள்ளை அவர். அவருடைய தேவையை எவரும் குறை கூற முடியாது. மகன் என்னிடம் கேட்டான். ஒருமுறை தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லி ஒரு வாழ்க்கையை ஒன்பது ஆண்டு அடைத்து வைத்தவன் நான்; மறுபடியும் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. "உன் லாத்தாவைக் கேள்" என்றேன்.

அவள் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீ போவதென்றால் போ தம்பி. நான் தடுக்க மாட்டேன். தடுக்கப்பட்டவளுக்கு அந்த வேதனை தெரியும். ஆனால் இந்த ஆறு பேர் உன்னுடன் வர முடியாது. அவர்கள் இல்லாமல் நள்ளிரவில் ஓட்டுநரிடம் யார் பேசுவார்கள் என்பதையும் அந்த முதலாளியிடம் கேட்டுவிட்டுப் போ."

மகன் போகவில்லை. அந்த நண்பர் சென்னையில் ஒரு நிறுவனத்தில் நல்ல சம்பளத்தில் சேர்ந்தார். எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. எனினும் மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் அவர் ரயிலேறி வந்து, அங்கே கற்றதை மாடியறையில் கற்பித்துவிட்டுப் போகிறார். போனவரைத் துரோகி என்று தள்ளாமல் கதவைத் திறந்து வைத்ததால் கிடைத்த நன்மை இது.

அமெரிக்காவின் போல்டர் என்ற சிறு நகரில் புத்தொழில்கள் எவ்வாறு பெருகின என்று ஆராய்ந்து, பிராட் ஃபெல்ட் என்பவர் 2012இல் ஒரு நூல் எழுதினார். தொழில் செய்வோரே முன்னின்று நடத்த வேண்டும். வர விரும்பும் எவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் கூடிச் செய்யும் நிகழ்ச்சிகள் ஓயாமல் நடக்க வேண்டும். இருபது ஆண்டுக்கால நோக்கு வேண்டும். அவர் கூறும் கருத்தின் சாரம் இதுவே. இருபது ஆண்டு என்றவுடன் சிலர் மலைக்கிறார்கள். எனக்கு மலைப்பில்லை. அயல்நாட்டில் மற்றொருவர் கிடங்கின் கணக்கை எழுதுவதற்கு நாம் இருபது ஆண்டுகளைக் கொடுக்கவில்லையா? நம் ஊருக்கு அதைக் கொடுப்பது மட்டும் எப்படி அதிகமாகிவிடும்?

இன்று மாடியறைத் தொழிலில் பதினொரு பேர் சம்பளம் பெறுகின்றனர். அவர்களுள் எழுவர் பெண்கள். பெரிய தொகை அன்று. ஆனால் நகை மீட்கப்பட்டுவிட்டது. ஞாயிறு கூட்டத்துக்கு முப்பது பேர் வரை வருகிறார்கள். அங்கே பழகியவர்களுள் இருவர், ஆலைகளுக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளரின் வாடகை அறைகளைக் கணக்கு வைக்கும் மென்பொருள் ஒன்றைத் தனியே தொடங்கியிருக்கின்றனர். ஒரு விதை இன்னொரு விதையை ஈன்றது. அதுவே எனக்குப் பெரிய நிறைவு.

சென்ற ஆண்டு நிறுவனத்தை முறைப்படி பதிவு செய்தபோது, மகளையும் பங்குதாரராகச் சேர்த்தார்கள். பத்திரங்களுடன் வைப்பதற்கு அவளுடைய சான்றிதழின் நகலும் இருக்கட்டும் என்றான் மகன். என் மனைவி அலமாரியைத் திறந்து, சேலைகளின் அடியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். ஓரம் சற்றே பழுப்பேறியிருந்தது. சோதனைச்சாவடிக் கடையில் மிஞ்சிய ஜெராக்ஸ் இயந்திரத்தில் நானே அதை வைத்து நகல் எடுத்தேன். "வாப்பாவை மன்னித்துவிடு" என்று சொல்ல வாய் வரவில்லை. நகலைக் கொடுத்தபோது மகள், "எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறது வாப்பா" என்று மட்டும் சொன்னாள்.

வாசக அன்பர்களே! உங்கள் ஊரிலும் ஒரு மாடியறை இருக்கும். வெளியூரில் கற்றுத் திரும்பியவர் ஒருவர் இருப்பார். அலமாரிகளில் சான்றிதழ்கள் இருக்கும். வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்த அறையைத் திறந்து வையுங்கள். தோற்றவரையும் அழைத்து அவர் கணக்கைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் கூறவில்லை; போக விரும்புவோர் போகட்டும். இருக்க விரும்புவோருக்கும், இருந்தே ஆக வேண்டியவருக்கும் ஊரில் ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும் என்றே கூறுகிறேன். அந்த வாசலை மூடியவன் நான் என்பதால், அதைத் திறக்கச் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.